வாங்கினது ஒரு தடவை, கேட்டது ஓராயிரம் தடவை

(‘ஒரு பாட்டின் பெருமையைச் சொல்வது பட்டியலா? காலமா?’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘காலமே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! பட்டியல் பக்கம் நின்று வெளுத்து வாங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் நேயர்களே! 

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்குப் பாடத் தெரியாது. ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனா பாட்டால சோறு சாப்பிட்டவன் நான். திருச்சியில 1982-லேர்ந்து 1996 வரைக்கும் கேசட் ரெக்கார்டிங் கடை வெச்சிருந்தேன். காலி கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கொண்டு வருவாங்க. சீட்டுல பாட்டு வரிசை இருக்கும். அதைப் பார்த்துப் பதிஞ்சு குடுப்பேன். தமிழ்ப் பாட்டுதான் நிறைய. காலேஜ் பசங்க மட்டும் இங்கிலீஷ் பாட்டு கேப்பாங்க. வெளிநாட்டுல இருக்கற மாமா அனுப்பின கேசட்டைக் கொண்டுவந்து, “அண்ணே, இதுல ஒரு காப்பி”ம்பாங்க. அது சட்டப்படி சரியான்னு இந்த மேடையில யாரும் என்னைக் கேக்கக் கூடாது.

(சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “ஜனங்க காசு குடுத்து வாங்கறாங்க. வாங்கினதை எண்ணி வரிசைப்படுத்தறாங்க. இதைவிட நேர்மையான தீர்ப்பு உண்டா?”ன்னு கேட்டார். நல்ல கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். எண்ணினாங்க, சரி. எதை எண்ணினாங்க?

இதுக்குப் பதில் தெரியணும்னா சாட்சி வேணும். நம்ம ஊருல எந்தப் பாட்டு ஹிட்டுன்னு கேட்டா டீக்கடைக்கு ஒரு பதில் வரும். வாரா வாரம் எண்ணி, தேதி போட்டு, அச்சடிச்சு வெச்ச ஊரு வேணும். அதனால இங்கிலாந்தைச் சாட்சிக் கூண்டுல ஏத்தறேன். 1980-களில் அந்த நாட்டுல வந்த பாட்டுப் பட்டியலைத்தான் இந்தக் கோர்ட்டுல தாக்கல் செய்யறேன். எதிரணியோட சாட்சியையே எங்க கட்சிக்குப் பேச வைக்கப் போறேன்.

முதல்ல அந்தப் பட்டியல் எப்படித் தயாராச்சுன்னு பார்ப்போம். 1952 நவம்பர் 14-ம் தேதி, ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ என்ற பத்திரிகைதான் அங்கே முதன்முதலாக விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, “இந்த வாரம் எது அதிகம் போச்சு?”ன்னு கேட்டு எழுதினார். அவ்வளவுதான்! அந்த முதல் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் ஆல் மார்ட்டினோ என்ற பாடகர்.

அப்புறம் 1969-லேர்ந்து ஒரு ஆராய்ச்சி நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கிட்டது. நாடு முழுக்க சுமார் 250 கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டு. என்ன இசைத்தட்டு வித்தாலும் அதுல எழுதணும், எழுதி அனுப்பணும். 1983 ஜனவரியில காலப் என்ற நிறுவனம் வந்தது. நோட்டுக்குப் பதிலா கடையில மின்னணுக் கருவி. எப்படி இருந்தாலும் நாட்டுல இருக்கற எல்லாக் கடையையும் எண்ணலை. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கற கணக்குதான்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. எந்தெந்தக் கடையில எண்ணறாங்கன்னு இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா என்ன ஆகும்? ஆளை அனுப்பி, தன் தட்டைத் தானே வாங்க வைப்பாங்க. அந்தக் காலத்துல இது பெரிய புகாராவே இருந்தது.

நடுவர்: பூத்தைக் கைப்பற்றுற மாதிரின்னு சொல்லுங்க!

அதேதான் ஐயா! (கைதட்டல்)

வாரா வாரம் அந்தப் பட்டியல் வந்ததும் நாடே பரபரப்பாகும். பி.பி.சி. டெலிவிஷன்ல ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற நிகழ்ச்சி. 1964-ல ஆரம்பிச்சு 2006 வரைக்கும் வாரந்தோறும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவுல பட்டியல் பாட்டுகளைப் போடுவாங்க. பிள்ளைகள் எல்லாம் டேப் ரெக்கார்டர் பட்டன்ல விரலை வெச்சுக்கிட்டு, அறிவிப்பாளர் எப்ப வாயை மூடுவார்னு காத்திருப்பாங்க. அப்படிப் பதிஞ்சு கேக்கறதை எதிர்த்து 1981-ல இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஒரு பிரசாரமே நடத்தினது. ‘வீட்டில் டேப் செய்வது இசையைக் கொல்கிறது’ன்னு சொல்லி, மண்டை ஓட்டுக்குப் பதிலா ஒரு கேசட்டையும், அதுக்குக் கீழ ரெண்டு எலும்பையும் போட்டு ஒரு சின்னம் வேற! அதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்தது.

(சிரிப்பு)

ஆனா கவனிங்க. அந்தப் பிள்ளைகள் டேப்புல அதே பாட்டை நூறு தடவை கேட்டிருப்பாங்க. அது பட்டியல்ல வருமா? வராது! ஒருத்தர் கடைக்குப் போய் ஒரு தட்டு வாங்கினா, ஒண்ணு. வீட்டுக்குப் போய் ஒரு தடவை போட்டுட்டுப் பரண்ல வீசினாலும் ஒண்ணுதான். கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் தினம் போட்டுக் கேட்டாலும் ஒண்ணுதான். அந்தப் பட்டியல் எண்ணினது வாங்கினதை. கேட்டதை இல்லை. இதை மனசுல வெச்சுக்கங்க. மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான் வருது.

இப்ப வழக்குக்கு வருவோம். 1980 டிசம்பர் 8. நியூயார்க்கில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கிலாந்து அழுதது. அழுதவங்க கடைக்குப் போனாங்க. அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள அவரோட மூணு பாட்டுகள் முதலிடத்துக்கு வந்தன. அதுல ஒண்ணு ‘இமாஜின்’. 1971-ல வந்த பாட்டு. 1975-ல அங்கே தனித் தட்டா வெளியிட்டப்போ ஆறாவது இடத்துக்கு மேல போகலை. 1981 ஜனவரியில நாலு வாரம் முதலிடம். பாட்டுல ஒரு எழுத்து மாறலை. கேட்டவங்க மனசு மாறிச்சு.

அந்த மூணுக்கும் நடுவுல, 1980 கிறிஸ்மஸுக்கு முதலிடம் பிடிச்சது யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! செயின்ட் வினிஃப்ரெட்ஸ் பள்ளிப் பாடகர் குழு. பாட்டியைப் பத்திப் பாசமா ஒரு பாட்டு. பேரப் பிள்ளைகள் எல்லாம் பாட்டிக்குப் பரிசா வாங்கிக் குடுத்தா விக்காம என்ன செய்யும்?

இதுக்கு அடுத்துதான் முக்கியமான வழக்கு. அல்ட்ராவாக்ஸ் என்று ஒரு குழு. மிட்ஜ் யூர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பாடகர். 1981 ஜனவரியில ‘வியன்னா’ன்னு ஒரு பாட்டு வெளியிட்டாங்க. மெதுவா, கனமா, மேகம் நகர்ற மாதிரி போகும். நாலு வாரம் ரெண்டாம் இடத்துல நின்னுது. முதல் வாரம் எதிர்ல நின்னது லெனன் பாட்டு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. பாக்கி மூணு வாரம் எதிர்ல நின்னது என்ன? ஜோ டோல்ச்சேன்னு ஒரு ஆஸ்திரேலியவாசி. அவர் இத்தாலிய வம்சாவளி. “வாயை மூடுடா”ன்னு ஒரு இத்தாலிய அம்மா பிள்ளையை அதட்டற மாதிரி ஒரு வேடிக்கைப் பாட்டு பாடினார்!

நடுவர்: அம்மா திட்டறதைப் பாட்டா போட்டா எந்த ஊரிலயும் ஹிட்டுதான்!

உண்மைதான் ஐயா. எங்க வீட்டுல அது தினம் இலவசமாவே ஒலிபரப்பாகும். (சிரிப்பு)

நான் அந்த வேடிக்கைப் பாட்டைக் குறை சொல்லலை. நாலு பேரைச் சிரிக்க வைக்கிறதும் ஒரு கலைதான். ஆனா சிரிப்புப் பாட்டு, அப்பளம் மாதிரி. சூடா இருக்கறப்போ எல்லாரும் எடுப்பாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆன பிறகு, பி.பி.சி. ரேடியோ 2-ம் பட்டியல் நிறுவனமும் சேர்ந்து நேயர்களைக் கேட்டாங்க: “ரெண்டாம் இடத்தோட நின்னுபோன பாட்டுகள்ல உங்களுக்குப் பிடிச்சது எது?” ஜனங்க சொன்ன பதில், ‘வியன்னா’. அதுக்குக் கௌரவ முதலிடம் குடுத்தாங்க. நம்ம ஊருல கௌரவ டாக்டர் பட்டம் குடுக்கற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

தோத்துப் போன மிட்ஜ் யூர் என்ன ஆனார்? இங்கதான் கதை சூடு பிடிக்குது.

1984 அக்டோபர். எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம். பி.பி.சி. செய்தியாளர் மைக்கேல் பர்க் அங்கே போய் எடுத்த படத்தை இங்கிலாந்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல பார்த்தது. பாப் கெல்டாஃப் என்ற பாடகர் அதைப் பார்த்துத் துடிச்சுப் போய், மிட்ஜ் யூரைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினாங்க. அன்னிக்கு இருந்த பெரிய பாடகர்களை எல்லாம் திரட்டினாங்க. நவம்பர் 25-ம் தேதி, லண்டன்ல ஒரே நாள்ல பதிவு. ‘பேண்ட் எய்ட்’னு குழுவுக்குப் பேரு. ‘அவர்களுக்கு இது கிறிஸ்மஸ் என்று தெரியுமா?’ என்பது பாட்டோட தலைப்பு. டிசம்பர்ல வெளியாகி அஞ்சு வாரம் முதலிடம். முப்பது லட்சத்துக்கு மேல வித்து, அதுவரைக்கும் பிரிட்டன்ல இல்லாத விற்பனை. வரியை விட்டுக்கொடுக்க முதல்ல மறுத்த அரசாங்கம்கூட, பின்னால அந்தத் தொகையை நிவாரணத்துக்கே குடுக்க வேண்டி வந்தது.

பாட்டுல குறை இல்லையா? உண்டு. எத்தியோப்பியா நாலாம் நூற்றாண்டுலேர்ந்து கிறிஸ்தவம் வேரூன்றின நாடு. ஜனவரி 7-ம் தேதி அவங்க கிறிஸ்மஸ் கொண்டாடறாங்க. அவங்களைப் பார்த்துத் ‘தெரியுமா?’ன்னு கேக்கறது என்ன நியாயம்னு பலர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா அந்த அஞ்சு வாரம் ஜனங்க வாங்கினது பாட்டை மட்டும் இல்லை. பசிச்சவனுக்கு ஒரு பிடி சோறு போட்டதாத்தான் நினைச்சு வாங்கினாங்க. பட்டியல்ல ஒரு எண்ணிக்கைக்குப் பின்னால எத்தனை விதமான காரணம் இருக்கு பாருங்க!

அந்த அஞ்சு வாரப் பாட்டுக்குக் கீழ, ரெண்டாம் இடத்துல மாட்டிக்கிட்டது எது? ‘வாம்’ குழுவோட ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’. எழுதினவர் ஜார்ஜ் மைக்கேல். இருபத்தோரு வயசுப் பையன். அப்பா சைப்ரஸிலேர்ந்து வந்து ஓட்டல் நடத்தினவர். அம்மா அப்பாவைப் பார்க்கப் போன இடத்துல, சின்ன வயசுல தான் படுத்துத் தூங்கின அதே அறையில உட்கார்ந்து மெட்டுப் போட்டான். எல்லா வாத்தியமும் தானே வாசிச்சுப் பதிஞ்சான். எல்லாம் சரி, எதிர்ல வந்தது பஞ்ச நிவாரணம்! அதுவும் எப்படி? பேண்ட் எய்ட் பாட்டுலயும் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருக்கார். முதலிடத்துலயும் அவர் குரல். ரெண்டாம் இடத்துலயும் அவர் குரல். தோத்த பாட்டுக்கு வந்த ராயல்டியையும் ‘வாம்’ அந்தப் பஞ்சத்துக்கே குடுத்துட்டாங்க.

(கைதட்டல்)

பட்டியல் தீர்ப்பு சொல்லியாச்சு. ரெண்டாவது. வழக்கு முடிஞ்சதா? இல்லை. ஒவ்வொரு டிசம்பரும் அந்தப் பாட்டைப் போட்டாங்க. கடையில போட்டாங்க, கார்ல போட்டாங்க, வீட்டுல போட்டாங்க. 1984-ல வாங்கின அதே தட்டு, அதே டேப். ஒண்ணும் புதுசா வாங்கலை. அதனால பட்டியலுக்கு அது தெரியவே தெரியாது.

2014 ஜூலையில ஒரு மாற்றம் வந்தது. இணையத்துல பாட்டைக் கேக்கறதையும் கணக்குல சேர்த்தாங்க. நூறு தடவை கேட்டா ஒரு தட்டு வித்த மாதிரின்னு ஆரம்பிச்சாங்க. அதாவது, முதல் தடவையா பட்டியல் ‘வாங்கினாயா?’ன்னு கேக்கறதோட நிக்காம, ‘கேக்கறாயா?’ன்னும் கேட்டது. அப்புறம் என்ன ஆச்சு? 2021 ஜனவரி 1-ம் தேதி, முப்பத்தாறு வருஷம் கழிச்சு, ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ முதலிடம்! 2023-லயும் 2024-லயும் கிறிஸ்மஸ் வாரத்து முதலிடமும் அதுக்கே.

ஆனா ஜார்ஜ் மைக்கேல் அதைப் பார்க்கலை. 2016-ல, ஐம்பத்து மூணாவது வயசுல இறந்துட்டார். இறந்த தேதி டிசம்பர் 25. கிறிஸ்மஸ் அன்னிக்கு.

அவர் மட்டும் இல்லை. ஜாக்கி வில்சன்னு ஒரு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். டெட்ராய்ட்காரர். 1957-ல ‘ரீட் பெட்டீட்’னு பாடினார். இங்கிலாந்துல ஆறாவது இடம். 1975-ல மேடையில பாடிக்கிட்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். அப்புறம் குணமாகவே இல்லை. படுக்கையிலேயே இருந்து 1984-ல இறந்தார். பெயர் பொறிச்ச கல்லுகூட இல்லாத சமாதி. ரெண்டு வருஷம் கழிச்சு, களிமண் பொம்மைகளை வெச்சு அந்தப் பாட்டுக்கு ஒரு படம் எடுத்தாங்க. டெலிவிஷன்ல வந்தது. 1986 கிறிஸ்மஸுக்கு இங்கிலாந்துல முதலிடம்! இருபத்தொன்பது வருஷம் கழிச்சு. 1987-ல ரசிகர்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு நினைவிடம் கட்டினாங்க.

உயிரோட இருந்து பார்த்தவங்களும் உண்டு. கேட் புஷ் என்ற பாடகி 1985-ல பாடின ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அப்போ மூணாவது இடம். 2022-ல ஒரு தொடர்ல அதைச் சேர்த்தாங்க. அந்த அம்மா பாடினப்போ பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் தேடித் தேடிக் கேட்டாங்க. பட்டியல்ல ஒரு விதி இருக்கு. பழைய பாட்டுன்னா கேட்ட எண்ணிக்கையில பாதிதான் கணக்கு. கேட்ட கூட்டத்தைப் பார்த்துட்டு அந்த விதியையே அவருக்காகத் தளர்த்தினாங்க. ஜூன் மாசம் முதலிடம். முப்பத்தேழு வருஷம்!

இப்ப எதிரணி எழுந்து, “அது காலம் செய்ததா? தொடர் செய்தது, பொம்மைப் படம் செய்தது”ன்னு சொல்லும். ஒத்துக்கறேன். காலம்ங்கறது சும்மா உட்கார்ந்துக்கிட்டு நீதி வழங்கற தேவதை இல்லை. யாரோ ஒருத்தர் பழைய பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, “இதைக் கேளு”ன்னு நீட்டணும். இன்னொண்ணும் ஒத்துக்கறேன். பட்டியல் எப்பவும் தப்பாவே சொல்லும்னு நான் சொல்லலை. மைக்கேல் ஜாக்சனோட ‘பில்லி ஜீன்’ 1983-ல அங்கே முதலிடம். இன்னிக்கும் அதுக்கு ஆடாதவங்க உண்டா? பட்டியல் பொய் சொல்லலை. அது எடுத்தது ஒரு வாரத்துப் புகைப்படம். புகைப்படத்தைப் பார்த்து ஜாதகம் எழுதாதீங்கன்னுதான் சொல்றேன்.

என் கடையில ரெண்டு நோட்டு இருந்தது. ஒண்ணுல அந்த வாரம் எந்தப் பாட்டைப் பதிஞ்சு குடுத்தேன்னு எழுதுவேன். இன்னொண்ணு, கேசட் தேஞ்சுபோய், “அண்ணே, திரும்பப் பதிஞ்சு குடுங்க”ன்னு வர்றவங்க கணக்கு. ரெண்டு நோட்டுலயும் வரிசை ஒரே மாதிரி இருந்ததே இல்லை. அந்த வாரத்துப் புதுப்பாட்டு முதல் நோட்டுல மேல இருக்கும். ரெண்டாவது நோட்டுல ஆள் பேரே வேற. தேஞ்சுபோற அளவுக்கு எது ஓடிச்சோ அது மட்டும்தான் அங்க வரும்.

இவ்வளவு தெரிஞ்சவன், வீட்டுல என்ன செய்தேன்? சொல்ல வெக்கமா இருக்கு. சொல்லிடறேன்.

என் பொண்ணு சாயங்காலம் கடைக்கு வந்து கேசட் அட்டையில பாட்டுப் பேரெல்லாம் எழுதிக் குடுப்பா. முத்து முத்தா எழுத்து. “பாப்பா கையால எழுதிக் குடுங்க”ன்னு கேட்டு வாங்குவாங்க. 1995-ல பிளஸ் டூ ரிசல்ட். மார்க் ஷீட்டை எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு ஓடி வந்தா. பள்ளிக்கூடத்துல ரெண்டாவது. நான் கேட்ட முதல் கேள்வி, “முதல் மார்க் யாரு?” அவ்வளவுதான் கேட்டேன். அவ பதில் சொல்லலை. மார்க் ஷீட்டை கவுண்ட்டர் மேல வெச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் அட்டை எழுத வரலை. மறு வருஷம் கடையையே மூடிட்டேன்.

போன வருஷம் ஒருத்தர் வழியில என்னை அடையாளம் கண்டு, வீட்டுக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர். பையிலேர்ந்து ஒரு கேசட்டை எடுத்தார். டேப் அறுந்து போயிருக்கு. “பாட்டெல்லாம் இப்ப போன்லயே வருது சார். இந்தக் கையெழுத்துக்காக வெச்சிருக்கேன்”ன்னார். அட்டையில என் பொண்ணு எழுத்து. முப்பது வருஷமா அந்த மனுஷன் அதைத் தூக்கிப் போடலை.

அன்னிக்கு ராத்திரி அவளுக்குப் போன் பண்ணி, “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா”ன்னேன். என்னிக்குன்னு நான் சொல்லலை. “பரவாயில்லைப்பா”ன்னா. என்னிக்குன்னு அவளும் கேக்கலை.

(கைதட்டல்)

நடுவர் அவர்களே! வீட்டுல மார்க் ஷீட்டைக் கையில வாங்கப் போற பெத்தவங்க இதைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்குச் சொல்றேன். அதுல இருக்கறது ஒரு வருஷத்துக் கணக்கு. நோட்டு இன்னும் முடியலை. ஆகவே, பாட்டானாலும் பிள்ளையானாலும், பெருமையைச் சொல்வது பட்டியல் அல்ல, காலமே என்று தீர்ப்பு வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.